நஷ்டஈடு கேஸ் நடக்குறப்போ ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். பின்னாடி வந்த வண்டி இடிச்சதுல முதுகுல டிஸ்க் நகர்ந்துபோயி, மூணு வருஷத்துக்கு மேல நஷ்டஈடு கேஸுக்கு அலைஞ்ச ஆளு, அவ்ளோதான். ஸ்கேன் ரிப்போர்ட்டை வச்சுத்தான் கேள்வி கேப்பாங்கன்னு நெனச்சுட்டு போனேன், ஆனா எதிர்தரப்பு வக்கீல் என்னை அதிக நேரம் குடைஞ்சது என் ஃபேஸ்புக்கை வச்சுத்தான். அதுக்கப்புறம் அடிபட்ட நண்பர்கள், நண்பர்களோட நண்பர்கள்னு நிறைய பேரு ஒரே மாதிரி கேள்வியா கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா இங்க எழுதுறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால உங்க வக்கீல் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

நான் பொய் சொல்லலையே, நெஜமாவே அடிபட்டிருக்கு. அப்புறம் நான் எதுக்கு பயப்படணும்?

எல்லாரும் முதல்ல கேக்குறது இதான், நானும் இதையேதான் கேட்டேன். பொய் சொல்றவன் உஷாரா இருப்பான், ஒண்ணும் போட மாட்டான். மாட்டுறது பெரும்பாலும் உண்மை சொல்றவங்கதான், ஏன்னா மறைக்க ஒண்ணுமில்லன்னு நெனச்சு வழக்கம்போல எல்லாத்தையும் போட்டுட்டே இருப்பாங்க.

என் கதையைச் சொல்றேன். அடிபட்டு எட்டு மாசம் கழிச்சு ஒரு கல்யாணம், நெருங்கின சொந்தம், போகாம இருக்க முடியாது. பெல்ட் போட்டுகிட்டு மாத்திரை முழுங்கிட்டு போனேன். பசங்க எல்லாம் ஆடிட்டு இருந்தாங்க, என்னை இழுத்து நடுவுல விட்டாங்க, நான் ரெண்டு கையைத் தூக்கி லேசா அசைஞ்சேன், அதை யாரோ வீடியோ எடுத்துட்டாங்க. மொத்தம் 11 செகண்ட். அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் கட்டில விட்டு எழுந்திருக்கல, அதை யாரும் வீடியோ எடுக்கல பாருங்க. எதிர்தரப்புக்கு அந்த 11 செகண்ட் போதும். "கையைத் தலைக்கு மேல தூக்க முடியாதுன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே?"ன்னு ஒரே கேள்வி. நான் விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் அசிங்கமாத்தான் ஆச்சு.

அடிபட்டவன் சிரிக்கவே மாட்டானான்னு கேக்கலாம், நியாயம்தான். ஆனா போட்டோவுல சிரிப்பு மட்டும்தான் விழும், வலி விழாது. நியூயார்க்ல 2010ல ஒரு கேஸ். உட்கார்ந்த நாற்காலியிலிருந்து விழுந்து அடிபட்டு வீட்டுக்குள்ளயே முடங்கிட்டேன்னு சொன்ன ஒரு அம்மாவோட பப்ளிக் ப்ரொஃபைல்ல, வீட்டுக்கு வெளிய நின்னு சந்தோஷமா சிரிக்கிற படம் இருந்துச்சு. அந்த ஒண்ணை வச்சே, ப்ரைவேட்டா இருக்கிறதுலயும் இந்த மாதிரி இருக்கும்னு சொல்லி, அவங்களோட ஃபேஸ்புக், மைஸ்பேஸ் (ஃபேஸ்புக் மாதிரியே இன்னொரு தளம்) ரெண்டையும், டெலீட் பண்ணதையும் சேர்த்துத் திறந்து காட்டச் சொல்லி ஆர்டர் போட்டாங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க நெஜமாவே உக்காந்து இதெல்லாம் பாப்பாங்களா?

பாப்பாங்க. இதுக்குன்னே ஆளு வச்சிருப்பாங்க. முன்னாடியெல்லாம் துப்பறியுற ஆள் கார்ல உக்காந்து நாள் கணக்கா வீட்டு வாசலைப் பாத்துட்டு இருக்கணும், இப்போ நாமளே தேதி, நேரம், இடம் போட்டு எடுத்துக் குடுத்துடுறோம், அவங்களுக்கு என்ன கஷ்டம்.

நீங்க போடணும்னு கூட இல்ல. அயர்லாந்துல ஒரு பெண் 2017ல கார் விபத்துல கழுத்து முதுகெல்லாம் அடிபட்டதா சொல்லி 7 லட்சத்து 60 ஆயிரம் யூரோ வரைக்கும் கேட்டு கேஸ் போட்டாங்க. விபத்து நடந்த மறுவருஷம் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வீசுற ஒரு போட்டியில அவங்க கலந்துக்கிட்ட படம் பேப்பர்ல வந்துருச்சு, அது கோர்ட்டுக்கு வந்துச்சு, 2024 பிப்ரவரியில கேஸ் தள்ளுபடி. சும்மா ஒரு நல்ல காரியத்துக்காக நடந்த போட்டி, சிரிச்ச முகமா ஒரு படம், ஆறு வருஷம் கழிச்சு எங்க வந்து நிக்குது பாருங்க.

என் அக்கவுண்ட் ப்ரைவேட். ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான் பாக்க முடியும். அப்போ பிரச்சனை இல்லல்ல?

ப்ரைவேட்டா வைக்கிறது நல்லதுதான், இன்னைக்கே வச்சிடுங்க. ஆனா ப்ரைவேட்ங்கிறது கதவுல தாழ்ப்பாள் போடுறது மாதிரி, தெருவுல போறவன் எட்டிப் பாக்க முடியாது, ஆனா கோர்ட் தட்டுனா திறந்துதான் ஆகணும். கனடாவுல ஒன்டாரியோ கோர்ட் 2009லயே இதைச் சொல்லிருச்சு: ஃபேஸ்புக்ங்கிறதே வாழ்க்கையை மத்தவங்களோட பகிர்ந்துக்கத்தான், அதனால பூட்டின ப்ரொஃபைல்லயும் கேஸுக்கு சம்பந்தமானது இருக்கும்னு எடுத்துக்கலாம்னு.

நியூயார்க்கோட உச்சபட்ச கோர்ட் 2018 பிப்ரவரியில குடுத்த தீர்ப்பு இன்னும் தெளிவா இருக்கும். குதிரையிலிருந்து விழுந்து மூளையிலயும் முதுகெலும்புலயும் அடிபட்ட ஒரு பெண். முன்னாடி ஃபேஸ்புக்ல நிறைய போடுவேன், இப்போ ஒரு மெசேஜ் ஒழுங்கா எழுதவே ரொம்ப நேரமாகுது, எழுதினதை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்குன்னு சொன்னாங்க. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, செட்டிங் ப்ரைவேட்டா பப்ளிக்கான்னு நாங்க பாக்க மாட்டோம், கேஸுக்கு சம்பந்தம் உண்டான்னுதான் பாப்போம்னு. விபத்துக்கு அப்புறம் போட்ட படங்களைக் குடுக்கணும் (அந்தரங்கமானது தவிர), அதோட எந்தெந்த நேரத்துல ப்ரைவேட் மெசேஜ் அனுப்புனாங்க, ஒவ்வொண்ணுலயும் எத்தனை எழுத்து இருந்துச்சுங்கிற கணக்கையும் குடுக்கணும். எழுத்து கணக்கு! மெசேஜ்ல என்ன இருக்குன்னு கூட கேக்கல, எவ்ளோ நீளம்னு பாத்தாலே மூளை எப்படி வேலை செய்யுதுன்னு வாதம் பண்ணிடலாம் பாருங்க. இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் தலை சுத்துச்சு.

அதே தீர்ப்புல நமக்கு சாதகமாவும் ஒண்ணு இருக்கு. கேஸ் போட்டுட்டான்ங்கிறதுக்காக மொத்த அக்கவுண்ட்டையும் அள்ளிக் குடுன்னு கேக்க முடியாது, சம்பந்தம் உள்ளதைத்தான் கேக்கலாம். அதனால எதிர்தரப்பு பாஸ்வேர்டு கேட்டா நீங்களா நல்லவனாட்டம் எடுத்துக் குடுத்துடாதீங்க, உங்க வக்கீல்கிட்ட விடுங்க, அவரு எதை எதிர்க்கணும்னு பாத்துக்குவாரு.

அவங்க நேரா மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணையும் நடத்துற) கம்பெனிகிட்டயே என் மெசேஜை வாங்கிட முடியுமா?

அமெரிக்காவுல 1986ல வந்த ஒரு சட்டப்படி, இந்த மாதிரி தனியார் தாவாவுல சம்மன் அனுப்புனா கூட கம்பெனி மெசேஜ் உள்ளடக்கத்தைக் குடுக்கக் கூடாது. அதனாலதான் கம்பெனியை விட்டுட்டு உங்களையே கேப்பாங்க, "நீயே டவுன்லோடு பண்ணிக் குடு"ன்னு. கோர்ட் ஆர்டர் போட்டா குடுத்துதான் ஆகணும்.

சரி, அப்போ பழைய போஸ்ட் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதே?

அய்யய்யோ, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. இந்தப் பக்கத்துல வேற எதைப் படிக்கலைன்னாலும் பரவால்ல, இதை மட்டும் படிங்க.

கேஸ் போட்டாச்சு, இல்ல போடப் போறோம்னு முடிவு பண்ணியாச்சுன்னா, அதுக்கப்புறம் டெலீட் பண்றது ஆதாரத்தை அழிக்கிறதா பாக்கப்படும். அந்தப் போஸ்ட்ல ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாம், ஆனா அழிச்சவன் எதையோ மறைக்கத்தான் அழிச்சான்னு ஆயிடும். பல இடத்துல நீதிபதியே "அது இவருக்கு எதிராத்தான் இருந்திருக்கும்"னு எடுத்துக்கலாம், அபராதம் போடலாம், சில சமயம் கேஸே போயிடும்.

அமெரிக்காவுல வர்ஜீனியாவுல நடந்தது இதுக்கு நல்ல பாடம். விபத்துல மனைவியை இழந்த ஒருத்தர் நஷ்டஈடு கேட்டாரு. அவரோட ஃபேஸ்புக்ல கையில பீர் கேனோட, கிண்டலா வாசகம் எழுதின டீ ஷர்ட் போட்டுட்டு நிக்கிற ஒரு படம். வக்கீல் தன் ஆபிஸ் ஆளு மூலமா "பக்கத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லு"ன்னு சொல்லிவிட்டாரு, இவரும் 16 படத்தை அழிச்சாரு. எதிர்தரப்பு டெக்னிக்கல் ஆளை வச்சு எத்தனை படம் அழிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. வக்கீலுக்கு 5 லட்சத்து 42 ஆயிரம் டாலர், கட்சிக்காரருக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் டாலர்னு தண்டம் போட்டாங்க, 2013ல மாநிலத்தோட சுப்ரீம் கோர்ட்டும் அதை அப்படியே வச்சிருச்சு. வக்கீலுக்கு அஞ்சு வருஷம் தொழில் செய்யத் தடை. அந்த பீர் படத்தை அப்படியே விட்டிருந்தா? பொண்டாட்டி செத்துப்போன சோகத்துல ஒருத்தன் நண்பர்களோட ஒரு பீர் குடிச்சான், அதுல என்னன்னு எந்த ஜூரியும் (அங்க தீர்ப்பு சொல்ல உக்காருற பொதுமக்கள் குழு) கடந்து போயிருக்கும். படம் பண்ணாத சேதத்தை டெலீட் பண்ணுச்சு.

அதனால வக்கீலே "அழிச்சிடு"ன்னு சொன்னாக்கூட ஒருதடவைக்கு ரெண்டு தடவை கேளுங்க. எதையாவது வெளிப்பார்வையிலிருந்து எடுத்தே ஆகணும்னா, முதல்ல முழு அக்கவுண்ட்டையும் டவுன்லோடு பண்ணி ஒரு காப்பி வக்கீல்கிட்ட இருக்கணும், அப்புறம்தான் மத்ததெல்லாம். ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுலயும் செட்டிங்ஸ்ல நம்ம டேட்டா முழுசையும் டவுன்லோடு பண்ற வசதி இருக்கு. நியூயார்க் வக்கீல்கள் சங்கம் ஒண்ணு 2013ல சொன்ன வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதான்: செட்டிங்கை இறுக்கச் சொல்லலாம், எடுக்கச் சொல்லலாம், ஆனா பத்திரமா வச்சிருக்க வேண்டிய ஆதாரம் அழியக் கூடாது.

அக்கவுண்ட்டை டீஆக்டிவேட் பண்ணா?

டீஆக்டிவேட்னா தூங்கப் போட்டு வைக்கிறது, உள்ள எல்லாம் அப்படியே இருக்கும், திரும்ப லாகின் பண்ணா எழுந்துக்கும். டெலீட் வேற. ஃபேஸ்புக்ல டெலீட் குடுத்தா 30 நாள்வரைக்கும் மனசு மாத்திக்கலாம், அதுக்கப்புறம் போனது போனதுதான். ரெண்டுக்கும் பட்டன் பக்கத்துலயே இருக்கும், கைதவறி மாத்தி அமுக்குன ஒருத்தரை எனக்குத் தெரியும், அவரு வக்கீல் தலையில கை வச்சுட்டாரு. டீஆக்டிவேட் பண்றதுக்கு முன்னாடியும் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

என்னைக் கேட்டா அக்கவுண்ட்டை அப்படியே விட்டுட்டு ஆப்பை மட்டும் போன்ல இருந்து தூக்கிடுறது சுலபம். ஆப்பைத் தூக்குனா அக்கவுண்ட் அழியாது. முதல் ஒரு வாரம் கை அரிக்கும், அப்புறம் பழகிரும்.

அப்படி என்னதான் போடக்கூடாது? ஒரு பூனை படம் கூட போடக்கூடாதா?

பூனை படத்தால ஒண்ணும் ஆகாது, பூனையைத் தூக்கிட்டு நிக்காத வரைக்கும். (தோள்பட்டை கேஸ்னா பூனை எத்தனை கிலோன்னு கூட கேப்பாங்க, நான் ஜோக் அடிக்கல.)

முதல்ல, விபத்தைப் பத்தி ஒரு வரி கூட வேணாம். எப்படி நடந்துச்சு, யார் தப்பு, எத்தனை மணி, நீங்க எவ்ளோ வேகத்துல போனீங்க, எதுவும். ஆஸ்பத்திரி பெட்ல இருந்து "நல்லாத்தான் இருக்கேன், யாரும் பயப்படாதீங்க"ன்னு பெருந்தன்மையா ஒரு போஸ்ட் போடுவோம் பாருங்க, அதைத்தான் முதல் பக்கத்துல ஒட்டி வருவாங்க. "நான்தான் கவனிக்காம திரும்பிட்டேன் போல"ன்னு யாரோ கேட்டதுக்கு கமெண்ட்ல எழுதினா அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. போலீஸ்ல சொன்னது ஒரு மாதிரியும் போஸ்ட்ல இருக்கிறது வேற மாதிரியும் இருந்தா, பத்து நிமிஷ வித்தியாசமா இருந்தாக்கூட, அதைப் புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உலுக்குவாங்க.

அப்புறம் உடம்பை அசைக்கிற எதுவும்: ஜிம், பயணம், விளையாட்டு, வீடு மாத்துறது, குழந்தையைத் தூக்குறது. பென்சில்வேனியாவுல 2011ல ஒரு கேஸ்ல காலில் அடிபட்ட ஒருத்தர் தழும்பு அசிங்கமா இருக்குன்னு ஷார்ட்ஸே போடுறதில்லன்னு சொன்னாரு. அவரோட ப்ரொஃபைல்ல ஷார்ட்ஸ் போட்டுட்டு தழும்பு தெரிய நிக்கிற படம், கூடவே பைக் படம். மிச்சத்தையும் காட்டச் சொல்லிட்டாங்க. அவரு பொய்யே சொல்லியிருக்க மாட்டாரு, வெளிய போறப்போ போட மாட்டேன்னு சொல்ல வந்திருப்பாரு, ஆனா "போடுறதே இல்ல"ன்னு சொல்லிட்டாரு. அதனால கேஸ்ல வார்த்தையைப் பாத்து சொல்லுங்க. "முடியவே முடியாது"ன்னு சொல்லாதீங்க, "செஞ்சா இவ்ளோ நேரம்தான் முடியும், அப்புறம் வலிக்கும்"னு உள்ளதை உள்ளபடி சொன்னா எந்த போட்டோவும் உங்களைக் கவுக்காது.

பழைய படம் போடுறது தனி வம்பு. அஞ்சு வருஷம் முன்னாடி மலை ஏறுன படத்தை நினைவுகள்னு இன்னைக்கு ஷேர் பண்ணுவோம், ஸ்கிரீன்ஷாட்ல தெரியுறது இன்னைக்குத் தேதி. அது பழசுன்னு நிரூபிக்கிற வேலை நம்ம தலையில விழும், ஒரிஜினல் ஃபைலைத் தேடிட்டு இருக்கணும்.

வருமானம் போச்சுன்னு கேக்குறவங்க லிங்க்ட்இன்னை (வேலை, தொழில் பத்திப் போடுற தளம்) மறந்துடுறாங்க. "புது ப்ராஜெக்ட் எடுத்திருக்கேன்"னு அங்க பெருமைக்கு எழுதி வச்சுட்டு இங்க வேலை செய்ய முடியலன்னா எப்படி. பழைய சாமான் விக்கிற விளம்பரத்துல "நானே வந்து டெலிவரி பண்றேன்"னு எழுதுறது, டேட்டிங் ஆப்ல "டிரெக்கிங் பிடிக்கும்"னு போடுறது, ஆன்லைன் கேம்ல கை வலிக்காரர் ராத்திரி முழுக்க ஸ்கோர் அடிக்கிறது, எல்லாம் இதே கணக்குதான். டாக்டரை, எதிர்தரப்பை, நீதிபதியைத் திட்டி போடுறதைப் பத்தி நான் சொல்லவே வேணாம்.

ஃப்ரெண்ட்ஸும் சொந்தக்காரங்களும் என்னை டேக் பண்ணா நான் என்ன பண்றது?

டேக் பண்ணா முதல்ல உங்ககிட்ட கேக்குற மாதிரி செட்டிங் இருக்கு, ஆன் பண்ணிக்கங்க. ஆனா அது டேக்கைத்தான் தடுக்கும், போட்டோவைத் தடுக்காது, அது அவங்க பக்கத்துல ஜம்முனு இருக்கும். அதனால வாயைத் திறந்து சொல்றதுதான் வழி: "கேஸ் நடக்குது, என் படம் எதுவும் போடாதீங்க, கேஸ் பத்தி எதுவும் எழுதாதீங்க." என் அத்தை ஒருத்தங்க "நம்ம புள்ளைக்கு சீக்கிரம் பெரிய தொகை வரணும்னு வேண்டிக்கங்க"ன்னு பாசமா போட்டாங்க. நல்ல மனசுதான். எப்படி இருக்கும் அது கோர்ட்ல படிச்சா?

ஏற்கனவே போட்டதை அவங்களை அழிக்கச் சொல்லலாமான்னு கேக்குறீங்கன்னா, நீங்க சொல்லி அவங்க அழிச்சாலும் அது உங்க மேலதான் வரும். அதையும் வக்கீல்கிட்ட கேட்டுட்டே செய்யுங்க.

தெரியாத ஆளுகிட்ட இருந்து ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் வருது...

கேஸ் முடியுற வரைக்கும் யாரையும் புதுசா சேக்காதீங்க. வக்கீல்கள் ஆள் வச்சு நட்பு மாதிரி நடிச்சு உள்ள வர்றது தப்புன்னு ஃபிலடெல்ஃபியா வக்கீல்கள் சங்கம் 2009லயே சொல்லியிருக்கு. ஆனா பின்னாடி அவன் தப்பு பண்ணான்னு வாதாடுறதைவிட இப்போ இக்னோர் பட்டனை அமுக்குறது சுலபம்.

வாட்ஸ்அப் குரூப்ல பேசுறது நமக்குள்ளதானே?

குரூப்ல 40 பேர் இருந்தா 40 போன்ல இருக்கு. அதுல ஒருத்தருக்கு உங்க மேல கோவம் வந்தா போதும், ஒரு ஸ்கிரீன்ஷாட். மெசேஜ் போற வழியில யாரும் படிக்க முடியாதபடி பூட்டுறாங்கங்கிறது உண்மை, ஆனா போய்ச் சேர்ந்த இடத்துல அந்தப் பூட்டு கிடையாது. ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் 24 மணி நேரத்துல போயிடும்னு தைரியமா இருக்காதீங்க, அதுக்குள்ள பாத்தவன் படம் புடிச்சா தீர்ந்துச்சு, அதோட இன்ஸ்டா ஸ்டோரி உங்க ஆர்க்கைவ்ல போய் பத்திரமா உக்காந்திருக்கும். வாய்ஸ் நோட்டும் இதே கதைதான். எதிர்ல நின்னு பேசுங்க, இல்ல போன்ல பேசுங்க, எழுதாதீங்க.

கையில கட்டுற ஸ்மார்ட் வாட்ச், நடக்குற கணக்கு ஆப் இதெல்லாமும் வருமா?

வரும், ஆனா இது ரெண்டு பக்கமும் வெட்டும். கனடாவுல கால்கரியில 2014ல ஒரு கேஸ் ரொம்பப் பேசப்பட்டுச்சு. முன்னாடி உடற்பயிற்சி சொல்லிக்குடுக்கிற வேலை பாத்த ஒரு பெண் கார் விபத்துல அடிபட்டாங்க. அவங்க வக்கீலே ஃபிட்பிட் (நடையைக் கணக்கு எடுக்கிற கைப்பட்டை) கட்டச் சொல்லி, அந்த வயசுல மத்தவங்க அசையுறதைவிட இவங்க எவ்ளோ குறைவா அசையுறாங்கன்னு காட்டுறதுக்கு அந்தக் கணக்கைப் பயன்படுத்துனாரு. உங்க கணக்கு உங்களுக்கு உதவுமா உதவாதான்னு வக்கீலோட உக்காந்து பாருங்க. ஆனா அது தானா ஒரு ஓட்டப் பந்தய ஆப்ல பப்ளிக்கா போய் விழுற மாதிரி வைக்காதீங்க. சில பேர் வாட்ச்சை வீட்ல சின்னப் பையன் கையில கட்டி விட்டுடுறாங்க, அவன் ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி நடக்குறான், கணக்கு யார் பேர்ல ஏறும்? லொகேஷன் ஹிஸ்டரியும் இப்படித்தான். இனிமேல் பதிவாகாம இருக்க நிறுத்தி வைக்கலாம், ஏற்கனவே பதிவானதை அழிக்காதீங்க.

எனக்கு அடி உடம்புல மட்டும் இல்ல, மனசுல. சிரிச்ச படம் இருந்தா கேஸ் போச்சா?

இந்தக் கேள்வி கேட்டவங்ககிட்ட எனக்கு ரொம்ப அனுதாபம் உண்டு. மனச்சோர்வுல இருக்கிறவங்க டாக்டர் சொன்னதாலயே வெளிய போயிருப்பாங்க, நாலு பேரோட நின்னு சிரிச்சிருப்பாங்க. கனடாவுல கியூபெக்ல 2009ல வெளிய வந்த ஒரு விஷயம், மனச்சோர்வால நீண்ட லீவுல இருந்த ஒரு பெண்ணுக்கு காப்பீட்டுப் பணம் நின்னுபோச்சு, கடற்கரையிலயும் பிறந்தநாள்லயும் சிரிச்ச படங்களைக் காரணமா சொன்னாங்கன்னு அவங்க சொன்னாங்க, டாக்டர் ஆலோசனைப்படிதான் போனேன்னும் சொன்னாங்க.

எல்லா நீதிபதியும் அப்படி இல்ல. நியூயார்க்ல ஃபெடரல் கோர்ட் ஒண்ணு 2013ல, மனவேதனைக்கு நஷ்டஈடு கேட்டாங்கங்கிறதுக்காக அன்னாட உணர்ச்சியைப் பத்தி எழுதின ஒவ்வொரு போஸ்ட்டையும் கேக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு. சிரிச்ச படம் இருந்தா கேஸ் போயிடாது. ஆனா உங்க டாக்டர்கிட்ட "நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போறேன், போயிட்டு எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்றேன்"னு சொல்லி அதை அவரு ஃபைல்ல எழுதி வச்சா, பின்னாடி அந்தப் படத்துக்குப் பக்கத்துல வைக்க உங்ககிட்ட ஒண்ணு இருக்கும்.

சோஷியல் மீடியாவால எனக்கு லாபமே இல்லையா?

இருக்கே. விபத்துக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னு காட்ட பழைய போஸ்ட்டை விட நல்ல சாட்சி கிடையாது. வாராவாரம் கிரிக்கெட் ஆடுனவன் மூணு வருஷமா மட்டையைத் தொடலன்னா அந்த வெறுமையே பேசும். சம்பவ இடத்துல நின்னவங்க யாராவது வீடியோ போட்டிருப்பாங்க, அது கிடைச்சா லிங்க்கோட உடனே வக்கீலுக்கு அனுப்புங்க, அவங்க அழிச்சிட்டா போச்சு. காயத்தை வாராவாரம் போட்டோ எடுங்க, வலியை நாள்கணக்குப் புஸ்தகத்துல எழுதுங்க. எடுங்க, எழுதுங்க, ஆனா எங்கயும் போடாதீங்க.

வெறும் ஸ்கிரீன்ஷாட்டை கோர்ட் ஏத்துக்குமா?

நாட்டுக்கு நாடு வேற. இந்தியாவுல 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சிய சட்டம், பாரதிய சாட்சிய அதினியம், அதோட 63வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோட காப்பிக்கு ஒரு சான்றிதழ் வேணும், ஃபைலோட ஹாஷ் மதிப்பு (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) உட்பட எழுதணும். பழைய சட்டத்துல 65பி பிரிவுல இருந்ததுதான், சுப்ரீம் கோர்ட் 2020ல ஒரிஜினல் கருவியைக் காட்டலைன்னா சான்றிதழ் கட்டாயம்னு சொல்லியிருந்துச்சு. ஆனா இந்த ஓட்டையை நம்பி இருக்காதீங்க, குறுக்கு விசாரணையில போட்டோவைக் கையில குடுத்து "இது நீங்கதானே?"ன்னு கேட்டா சத்தியம் பண்ணிட்டு நிக்கிற நீங்க இல்லன்னு சொல்ல முடியுமா?

இங்கிலாந்துல இன்னும் கடுமை. 2015ல வந்த சட்டத்தோட 57வது பிரிவுப்படி, கேஸோட அடிப்படையில நேர்மை தவறுனதா கோர்ட்டுக்குப் பட்டா, உண்மையா அடிபட்ட பகுதிக்கான பணத்தையும் சேர்த்து மொத்தமா தள்ளுபடி பண்ணணும், ரொம்ப அநியாயமா போயிடும்னு தோணுனா மட்டும்தான் விதிவிலக்கு. பத்து ரூபா வலியை நூறு ரூபான்னு சொன்னவனுக்கு அந்தப் பத்தும் போச்சு.

நான் ஏற்கனவே ஏடாகூடமா போட்டுட்டேன். இப்போ என்ன?

ஒண்ணையும் தொடாதீங்க. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னைக்கே வக்கீலுக்கு அனுப்புங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும்போதே எழுதி அனுப்புங்க: எவ்ளோ நேரம் நின்னேன், என்ன மாத்திரை போட்டேன், மறுநாள் எப்படி இருந்தேன். நான் அந்தக் கல்யாண வீடியோவை வக்கீல்கிட்ட சொல்லவே இல்ல, வெக்கம், திட்டுவாருன்னு பயம். அவரு அதை முதல்முதலா பாத்தது எதிர்தரப்பு லேப்டாப்ல. முன்னாடியே சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் வலி தாங்காம டாக்டர்கிட்ட போன சீட்டை அவரு அன்னைக்கே கையில வச்சிருப்பாரு. சீட்டு என்கிட்ட இருந்துச்சு, வீட்ல ஒரு டிராயர்ல.

வக்கீல் என்ன சொன்னாருன்னு நெருங்கின நண்பனுக்கு மெசேஜ் பண்ணலாமா?

வேணாம். உங்களுக்கும் வக்கீலுக்கும் நடக்குற பேச்சுக்கு பாதுகாப்பு இருக்கு, அதை நீங்களே வெளிய சொன்னா பாதுகாப்பு போயிடலாம். கலிஃபோர்னியாவுல ஒரு பதிப்புரிமை கேஸ்ல, வக்கீலோட பேசினதை நண்பர்களுக்கு ஈமெயில்லயும் தன் பிளாக்லயும் எழுதின ஒருத்தரோட அந்தப் பாதுகாப்பை, அவங்க வெளிய சொன்ன விஷயங்கள் அளவுக்கு, கோர்ட் 2010ல எடுத்துருச்சு.

செட்டில்மென்ட் ஆயிருச்சு! இப்பவாவது போடலாமா?

கையெழுத்து போட்ட பேப்பரை எடுத்து ரகசியம்னு ஏதாவது ஷரத்து இருக்கான்னு பாருங்க. ஃபுளோரிடாவுல காயம் சம்பந்தப்பட்ட கேஸ் இல்ல, வேலை கேஸ், ஒரு பள்ளியோட முன்னாள் தலைமை ஆசிரியர் செட்டில்மென்ட் வாங்குனாரு. தொகை, விவரம் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஷரத்து. அவரு பொண்ணுகிட்ட சொல்லாம இருக்க முடியல, பாவம், அப்பாதானே. பொண்ணு ஃபேஸ்புக்ல "ஜெயிச்சுட்டோம், என் ஐரோப்பா டூருக்கு ஸ்கூல்தான் காசு குடுக்குது"ங்கிற மாதிரி எழுதிருச்சு. அந்தப் பொண்ணோட ஃப்ரெண்ட் லிஸ்ட்ல அந்தப் பள்ளியில படிச்சவங்க நிறைய பேரு. 2014ல அப்பீல் கோர்ட் ஷரத்தை மீறிட்டாருன்னு சொல்லிருச்சு, 80 ஆயிரம் டாலர் கோவிந்தா.

ஷரத்து இல்லைன்னாலும் பணம் பேங்க்ல ஏறுற வரைக்கும், தீர்ப்பா இருந்தா அப்பீல் போற கெடு முடியுற வரைக்கும், வாயைத் திறக்காதீங்க. நான் பணம் வந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் ஆப்பை திரும்பப் போட்டேன். அந்த 11 செகண்ட் வீடியோ இன்னும் அங்கதான் இருக்கு, 63 லைக்.